ஹீற்றர் நிறுத்தும் உபகுழு

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: ஐக்கிய இராச்சியத்தின் தலைநகராம் இலண்டன் மாநகரின் தென்மேற்கே, கோலியர்ஸ் வுட் என்னும் நன்னகரில், ஒரு வீட்டு முன்னறையில் சுட்டுக்கொண்டிருந்த ஹீற்றர் ஒன்றை நிறுத்தும் பொருட்டு, ஆவரங்குடா மக்கள் ஒன்றியத்தின் நிறைவேற்றுக் குழு அவசரமாகக் கூடி, உபகுழு ஒன்றை ஏகமனதாக நியமித்தது. உபகுழுவின் தலைவர், ஒன்றியத்தின் தலைவரேதான். உபகுழுவின் செயலாளர், ஒன்றியத்தின் செயலாளர். பொருளாளருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. விட்டால் கோபிப்பார் என்று அவரையும் போட்டார்கள்.

சுவரோடு பொருத்தியிருந்த, உள்ளே சுடுதண்ணீர் ஓடும் அந்த ஹீற்றர் இதையொன்றும் பொருட்படுத்தாமல் சுட்டுக்கொண்டிருந்தது.

வீடு சற்குணத்தினுடையது. நாலு மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன பிளாட். போன கிழமை ஆஸ்பத்திரியில் காலமானவள் அவருடைய மனைவி தவநாயகி. நாளைக் காலை அவளைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு, பிறகு கிரியைக்காக மண்டபத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. இலண்டனில் இப்போதெல்லாம் அநேகமாக யாரும் அப்படிச் செய்வதில்லை. நேரே மண்டபம், அங்கிருந்து நேரே எரிகூடம். மைக், மேடை, கதிரைகள், வந்தவர்களுக்குச் சாப்பாடு சூடாக்க ஒரு குசினி, எல்லாம் மண்டபத்தில்தான் உண்டு. வீட்டில் இருப்பது ஒரு வாசல் மட்டும்.

தவநாயகி கேட்டது அந்த வாசலைத்தான்.

யாரோ ஒருவருடைய செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பிவரும்போது காரில் வைத்துக் கேட்டாள். "இஞ்சருங்கோ, என்னை உப்பிடி ஹோலுக்குள்ளால அனுப்பிப் போடாதையுங்கோ. ஒருக்கா வீட்டை கொண்டந்து, என்ர வாசலால அனுப்புங்கோ." சற்குணம் சிவப்பு லைற்றைப் பார்த்துக்கொண்டு "ஓம், ஓம்" என்றார். அவர்களுடைய குடித்தனத்தில் அவர் சொன்ன "ஓம், ஓம்"களில் முக்கால்வாசி, சொன்ன இடத்திலேயே விழுந்து போனவை. இது மட்டும் விழாமல் கிடந்தது.

அவள் கேட்டதற்கு நியாயம் இருந்தது. கலியாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்து, அகதி விடுதியில் ஒரு அறையில் இருந்தார்கள். அந்த விடுதியில் ஹீற்றரின் சாவி காவலாளியின் இடுப்பில் தொங்கியது. அவனுக்குக் குளிர்ந்தால் எல்லோருக்கும் குளிர். அவன் வைன் குடித்த நாட்களில் யாருக்கும் குளிர் இல்லை என்று அவன் முடிவெடுத்துவிடுவான். பிறகு இலண்டனுக்கு வந்து ரூட்டிங்கில் ஒருவருடைய வீட்டு மேலறை, இன்னொருவருடைய வீட்டுப் பின்னறை. எங்கே போனாலும் ஹீற்றர் இன்னொருத்தருடைய கையில். கடைசியில் இந்த பிளாட் கிடைத்தது. மற்றப் பெண்கள் புதுவீட்டில் முதலில் குசினியைப் பார்ப்பார்கள். தவநாயகி நேரே முன்னறை ஹீற்றரடிக்குப் போய், குனிந்து, திருகியை ஐந்தில் வைத்தாள். ஐந்துக்கு மேல் ஆறு இல்லாததால் ஐந்து.

அதன்பிறகு அவள் அதைத் தொடவேயில்லை. சற்குணம் பனியனோடு வேர்த்துக்கொண்டு செய்தி பார்ப்பார். அவள் பக்கத்தில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து, "இப்பதான் கொஞ்சம் பரவாயில்லை" என்பாள்.

அந்த அறைக்குத்தான் அன்று காலை, உபகுழு பிறக்க முன்னம், தலைவர் வந்தார்.

தலைவர் பரராஜசிங்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதை அவரே விரும்பமாட்டார். பெயருக்குப் பின்னால் சமாதான நீதவான் என்று போடுவார். இலண்டனில் ஆவரங்குடா ஊர்க்காரர் எவரும் அவருடைய மேற்பார்வை இல்லாமல் இதுவரை தகனமானதில்லை. மலர்வளையம், ஐயர், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், அனுதாப உரை, எல்லாம் அவர்தான். செத்தவர்களுடைய குடும்பத்துக்கு அழுவதைத் தவிர வேறு வேலை வைக்கமாட்டார். அதற்கும் சில சமயம் நேரம் ஒதுக்கிக் கொடுப்பார்.

அவர் முன்னறைக்குள் வந்து, கோட்டைக் கழற்றாமல் நின்று, மூக்கை உயர்த்திக் காற்றைச் சோதித்தார்.

"சற்குணமண்ணை, உதென்ன இப்பிடிச் சுடுது?"

"ஹீற்றர் தம்பி."

"ஹீற்றர் போட்ட அறைக்குள்ள பூதவுடலை வைக்கேலாது. அறை ஐஸ் மாதிரிக் கிடக்கோணும். இல்லாட்டிப் பழுதாப் போகும்."

பழுதாப் போகும் என்ற சொல்லைச் சற்குணம் அதுவரை மீனுக்கும் கறிக்கும் பாலுக்கும்தான் கேட்டிருந்தார். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

மகள் மயூரா குசினிக் கதவடியில் நின்றாள். மருந்துக்கடையில் பார்மசிஸ்ற். எதையும் ஒரு தரம் கேட்டு நிச்சயப்படுத்துகிற பழக்கம் அவளுக்கு. "அங்கிள், நான் பியூனரல்காரருக்கு ஒரு கோல் எடுத்துக் கேக்கட்டே? ரெண்டு நிமிசம்தான்."

"பிள்ளை, அவையளோட நான் எல்லாம் கதைச்சாச்சு." தலைவர் கையை உயர்த்தினார். "இது எனக்கு முதல் செத்தவீடு இல்லை."

மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. ஒன்றியத்தில் தலைவரிடம் மேற்கொண்டு கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால் அடுத்த ஒன்றுகூடலில் சோற்றுப் பொதி கட்டும் குழுவில் போட்டுவிடுவார்.

நிறைவேற்றுக் குழு அந்த அறையிலேயே கூடி உபகுழுவை நியமித்தது. திருகியை ஐந்திலிருந்து பூச்சியத்துக்குத் திருப்பினார்கள். அது நல்லபிள்ளை மாதிரித் திரும்பியது. ஹீற்றர் திரும்பவில்லை. அரை மணித்தியாலம் கழித்துத் தொட்ட செயலாளர் கையை உதறிக்கொண்டு, அறிக்கை போல, "நிலைமையில் மாற்றமில்லை" என்றார். மற்ற முனையில் இருந்த வால்வைப் பார்த்தார்கள். காலங்காலமாகக் கட்டிடத்துக்குப் பெயின்ற் அடித்தவர்கள் அதற்கும் சேர்த்து அடித்து அடித்து, அது மெழுகுதிரி உருகி உறைந்த மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்தார்கள். கீழ்த்தளம் என்பதால் கள்ளர் புகாதபடி அது ஒரு சாண் மட்டுமே திறக்கும். ஜனவரிக் குளிர் அந்தச் சாணால் உள்ளே வந்து, ஹீற்றருக்கு முன்னால் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

"பொயிலரை நிப்பாட்டினா என்ன?" என்றார் பொருளாளர், தான் குழுவில் இருப்பதை நிரூபிக்கும் ஆவலோடு.

"கட்டிடம் முழுக்க ஒரே பொயிலர்" என்றாள் மயூரா. "கீழ நிலவறையில பூட்டி வைச்சிருக்கினம். ஹவுசிங்காரற்ர கையிலதான் திறப்பு."

கட்டிடத்தைப் பராமரிக்கும் ஹவுசிங்காரருக்கு அவளே போன் எடுத்தாள். காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பியானோ வாசித்தார்கள். மூன்று பாட்டு முடிந்தபிறகு ஒரு பெடியன் வந்தான். ஹீற்றர் வேலை செய்யவில்லையா என்று கேட்டான். வேலை செய்கிறது, நிற்கத்தான் இல்லை என்றாள் மயூரா. அப்படியென்றால் வேலை செய்கிறதுதானே என்றான் அவன், சந்தோஷமாக. வெப்பம் வராமல் விட்டால் அவசரம். வெப்பம் நிற்காமல் விட்டால் அவசரமில்லை. அடுத்த மாதம் ஒருவரை அனுப்பலாம். அம்மாவின் உடல் நாளைக்கு வருகிறது என்று மயூரா சொன்னபோது, அவன் உண்மையாகவே வருத்தப்பட்டு, அதற்கு இந்தக் கணினியில் இடம் இல்லை என்றான். தண்ணீர் ஒழுகுகிறதா என்று கேட்டான். இல்லை. ஒழுகினால் உடனே கூப்பிடுங்கள், ஆட்கள் பறந்து வருவார்கள் என்றான்.

இந்த நேரத்தில்தான் மேல்மாடியில் இருக்கும் நவநீத் ஒரு பிளாஸ்க் நிறையக் கோப்பியோடு வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், ஏதோ வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. செத்தவீட்டில் என்ன பேசுவது என்று தெரியாத கூச்சத்தில் இருந்தவனுக்கு, பேச ஒரு ஹீற்றர் கிடைத்தது பெரிய ஆறுதலாகிவிட்டது. போனின் லைற்றைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்தான். பிளாஸ்ரிக் திருகியை முழுதாகக் கழற்றினான். உள்ளே குண்டூசித் தலை போல ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது.

"இந்தப் பின் உள்ள போகணும் அங்கிள். போனாத்தான் வால்வு மூடும். மாட்டிக்கிட்டிருக்கு. ரொம்ப நாளா இத திருப்பவே இல்லையா?"

"திருப்பேல்லைத் தம்பி" என்றார் சற்குணம்.

"அதான். ஒரே எடத்துலயே வெச்சிருந்தா அப்படியே புடிச்சிக்கும். நானும் யூட்யூப்ல பாத்ததுதான். கொஞ்சம் எண்ணெய் விட்டுருக்கேன், ஊறட்டும். எனக்கு இப்ப ஒரு மீட்டிங். அஞ்சு மணிக்கு வந்து மெல்லத் தட்டிப் பாக்கலாம். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க, ப்ளீஸ். வேற நட்டு எதயாவது திருப்பிட்டா தண்ணி வந்துடும்."

அவன் படியேறிப் போனதும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தியாக்காரர் படிச்ச ஆக்கள்தான். எண்டாலும் உது கொம்பியூட்டர் இல்லை, ஹீற்றர்."

"அப்ப நீங்கள் செய்து பாருங்கோவன் அங்கிள்" என்றாள் மயூரா.

தலைவர் அதைக் கேட்காத மாதிரிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சற்குணமண்ணை, நான் ஒளிச்சுக் கதைக்கிற ஆளில்லை. நாலு மணிக்குள்ள அறை குளிரேல்லை எண்டா நேரே ஹோலுக்குத்தான். காருக்கு இப்பவே நேரம் மாத்திச் சொல்லோணும். ஹோலில எண்டா எல்லா வசதியும் இருக்கு. அக்காவுக்கும் மரியாதை."

"அஞ்சு மணிக்குத் தம்பி வாறன் எண்டவர்..."

"நாலு மணி" என்றார் தலைவர். அவ்வளவுதான். உபகுழு தேநீர் இடைவேளைக்காகக் கலைந்து, முக்கிலிருக்கும் கடைக்கு ரோல்ஸ் சாப்பிடப் போனது. மயூரா பூக்காரனைப் பார்க்க ஓடினாள்.

சற்குணம் தனியே இருந்தார். நாள் முழுதும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டு திரிந்ததில், இப்படித் தனியே இருந்து அழ நேரம் கிடைத்திருக்கவில்லை. இப்போது கிடைத்தது. ஆனால் அழுகை வரவில்லை. ஹீற்றருக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். அதன் மேல்விளிம்பில் ஒரு சோடி கம்பளிச் சொக்ஸ் கிடந்தது. படுக்கப் போகும்போது சூடாகப் போட்டுக்கொள்ளத் தவநாயகி அங்கேதான் வைப்பாள். இத்தனை பேர் வந்துபோனதில் யாருடைய கண்ணிலும் அது படவில்லை. எடுத்தார். காலிலிருந்து அப்போதுதான் கழற்றிய மாதிரிச் சூடாக இருந்தது.

"எல்லாம் உன்ர வேலைதான்" என்றார் சத்தமாக. "ஒருநாள் எண்டாலும் மூண்டில வைச்சனியே? நாலில வைச்சனியே? வைச்சிருந்தா இண்டைக்கு இது இறுகியிருக்குமே?"

ஹீற்றரின் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அவர் பெற்றோல் ஷெட்டில் காசாளராக இருந்தவர். கட்டில் பூட்டத் தெரியும், பல்ப் மாற்றத் தெரியும். ஆனால் சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டி நாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அலுமாரிக்கு அடியிலிருந்து ஸ்பானரை இழுத்தெடுத்தார். முதலில் நவநீத் காட்டிய கம்பியைக் கட்டைவிரலால் அமத்தினார். அசையவில்லை. ஸ்பானரின் பின்பக்கத்தால் அமத்தினார். அசையவில்லை. வால்வும் ஹீற்றரும் சேருமிடத்தில் பெரிய நட்டு ஒன்று இருந்தது. பெரியதைத் திருப்பினால் பெரிதாக ஏதும் நடக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அதில் அவர் பிழைவிடவில்லை.

முதலில் ஒரு சீறல். பிறகு கறுப்பாக, மை போல, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். நட்டைத் திரும்ப இறுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். துவாயை எடுத்துச் சுற்றினார். துவாய் கறுத்தது. இன்னொரு துவாய். வாளி. சாமியறைக்குள் கிடந்த வேட்டி. கோலியர்ஸ் வுட் பூராகவும் கேட்கும்படி "மயூரா, மயூரா" என்று கத்தினார். ரோல்ஸோடு திரும்பி வந்த உபகுழு வாசலில் நின்று பார்த்தது. அதன் தலைவர் ஒரு காலை உள்ளே வைத்து, சப்பாத்து நனைந்ததும் வெளியே எடுத்தார்.

இப்போது அது அவசரமாகிவிட்டது. சொன்னபடியே ஆட்கள் பறந்து வந்தார்கள். மரியாதையான இரண்டு பேர். கீழே போய்க் கட்டிடம் முழுவதற்கும் வெப்பத்தை நிறுத்தினார்கள். உடைந்த இடத்தை மூடினார்கள். கம்பளத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அறை குளிரத் தொடங்கியது. ஒரு சாண் ஜன்னலால் வந்த ஜனவரிக்கு இப்போது எதிர்ப்பில்லை. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

சற்குணம் சுட்ட கையை ஈரச் சீலைத்துண்டால் சுற்றிக்கொண்டு, தண்ணீர் ஊறிய கம்பளத்தின் நடுவில் நின்றார். ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்றது.

"தம்பி, இப்ப நல்லாக் குளிர்ந்திட்டுது" என்றார். "தொட்டுப் பாருங்கோ. ஐஸ் மாதிரிக் கிடக்கு. இப்ப கொண்டரலாம்தானே?"

தலைவர் போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்ப் பியூனரல்காரரோடு கதைத்துவிட்டு வந்தார்.

"தரை ஈரமெண்டா தங்கட ஆக்கள் பெட்டி தூக்க மாட்டினமாம் அண்ணை. வழுக்கி விழுந்தா அவைக்கு இன்சூரன்ஸ் இல்லையாம்."

"காய வைக்கிறன். விடிய முன்னம் காய வைச்சிடுவன்."

"அப்பா..." என்றாள் மயூரா.

"இல்லைப் பிள்ளை, கம்பளத்தைக் கிளப்பினா..."

"அண்ணை, நேரம் மாத்தியாச்சு" என்றார் தலைவர்.

ஒன்றியத்தின் வட்சப் குழுவில் அறிவித்தல் போனது: தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் அன்னாரின் பூதவுடல் இல்லம் செல்லும் நிகழ்வு ரத்து; அஞ்சலி நேரடியாக மண்டபத்தில். நூற்றுக்கணக்கான கும்பிடு கைகள் வந்து குவிந்தன. ஒருவர் தவறுதலாகச் சிரிக்கிற முகத்தைப் போட்டுவிட்டு அழித்தார்.

ஐந்து மணிக்குச் சொன்னபடி நவநீத் வந்தான். கதவடியில் நின்று உள்ளே பார்த்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு, கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்தான். மற்ற முனையைச் சற்குணம் பிடித்தார். அதைக் கிளப்பி வெளியே குப்பைத் தொட்டியடிக்கு இரண்டு பேருமாக இழுத்துக்கொண்டு போனார்கள். நடுவழியில் சற்குணம் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"கொண்டாறன் எண்டு சொன்னனான், தம்பி."

"தெரியும் அங்கிள்" என்றான் நவநீத். அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்வது?

மறுநாள் மண்டபத்தில் எல்லா வசதியும் இருந்தது. மேடையோரம் பெட்டி. திறந்த பெட்டிக்குள் தவநாயகி, கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையில், யாரோ புதிதாகப் பூசிவிட்ட முகத்தோடு படுத்திருந்தாள். ஐயர் கிரியையை நடத்தினார். பெண்கள் வரிசையாக வந்து பூப்போட்டார்கள். பெட்டியின் தலைமாட்டில் போட்ட கதிரையில் சற்குணம் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு முதுகு வேர்த்தது. பழக்கமான வேர்வை. வேட்டியைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிப் பார்த்தார். சுவரோரமாக, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி, நீளமான ஹீற்றர் ஒன்று இருந்தது. சுடாத கையை அதில் வைத்தார். எடுத்தார்.

"மயூரா."

மகள் குனிந்தாள்.

"உந்தப் பிள்ளையிட்டக் கேள்." கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்ற பியூனரல்காரப் பெண்ணைக் கண்ணால் காட்டினார். "ஹீற்றர் சுடுது. அம்மா பழுதாப் போயிடுவா. நிப்பாட்டச் சொல்லிக் கேள்."

மயூரா போனாள். அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு மயூராவின் தோளில் கைவைத்து, நிதானமாக, அன்பாக ஏதோ சொன்னாள். மயூரா திரும்பி வர ஐந்தாறு அடிதான். அதை நடக்க அவளுக்கு நெடுநேரம் எடுத்தது.

"என்னவாம்?"

"அம்மாவுக்குப் பழுதாகாம இருக்க மருந்து ஏத்தியிருக்காம் அப்பா. சூட்டால ஒண்டும் ஆகாதாம். நாள் முழுக்க வைச்சிருந்தாலும் பரவாயில்லையாம்."

சற்குணம் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டிலயும்?"

மயூரா பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு பிள்ளை. வீட்டிலயுமே?"

"ஓம் அப்பா."

மேடையில் தலைவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். வேர்வையைத் துடைத்தார். மைக்கைத் தட்டினார். அன்னாரின் இழப்பு ஆவரங்குடாவுக்கு மட்டுமன்றிப் புலம்பெயர்ந்த தமிழினம் முழுவதற்குமே ஈடுசெய்ய முடியாதது என்று ஆரம்பித்து, ஒன்றியம் எடுத்துக்கொண்ட முயற்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, எத்தனையோ இடர்களுக்கு மத்தியில் அக்காவின் இறுதிப் பயணத்தைத் தகுந்த கௌரவத்தோடு நடத்த முடிந்ததில் தாம் மனநிறைவு அடைவதாகக் கூறி, எல்லோரையும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொன்னார். சற்குணமும் எழுந்து நின்றார்.

முன்வாசலில் காரை நிறுத்த விடமாட்டார்கள் என்பதால், பெட்டியை மண்டபத்தின் பின்வாசலால் கொண்டுபோனார்கள்.